கேஸ் லைன் சுவரோடு போகட்டுமா, மண்ணுக்குள் போகட்டுமா? வேலூர்ப் பக்கத்துக்கு ஓர் ஒப்பீடு

காட்பாடியில் மாணவர் விடுதி நடத்துபவர் ஒருவர், சத்துவாச்சாரியில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருப்பவர் ஒருவர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் யூனிட் வைத்திருப்பவர் ஒருவர். சித்திரையிலிருந்து இந்த மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே கேஸ் பேங்க்கில், அதாவது வரிசையாக நிறுத்தி ஒன்றாக இணைக்கும் இடத்தில், வைத்தாயிற்று. அங்கிருந்து அடுப்பு வரைக்கும் எந்தக் குழாயில், எந்த வழியாக கேஸைக் கொண்டுவருவது? மூன்று பேர் கையிலும் இரண்டு மூன்று கொட்டேஷன். ஒன்றில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), ஒன்றில் காப்பர், ஒன்றில் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய். தொகையை ஒப்பிட முடிகிறது, மற்றது எதுவும் விளங்கவில்லை என்றார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் குழாய்களோடுதான் என் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுபோக வழி இருக்கும் வரை குழாயை மண்ணில் புதைக்காதீர்கள். புதைத்தே ஆக வேண்டும் என்றால் இரும்பா பிளாஸ்டிக்கா என்பதை இரண்டு விஷயங்களை வைத்து முடிவு செய்யுங்கள்: உங்கள் இடத்து மண் எப்படி, வருடா வருடம் அளந்து பார்க்க உங்களிடம் ஆள் உண்டா. குழாயின் விலை அதற்கு அப்புறம்தான்.

## நாற்றம் வராத கசிவு

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு விடுதி மெஸ்ஸில் இருந்து கூப்பிட்டார்கள். ஆறு நாள் வர வேண்டிய சிலிண்டர் நாலு நாளில் தீர்ந்துபோகிறது. நிர்வாகத்துக்கு மாஸ்டர் மேல் சந்தேகம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நான் கேஸை வீணாக்கலண்ணே, நீங்களே வந்து பாருங்க" என்றார். அடுப்படியில் வாசனை துளியும் இல்லை. தெரிந்த ஜாயின்ட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. கடைசியில் பின்பக்கத்துச் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் தூக்கி கேஸ் கசிவைக் காட்டும் டிடெக்டரை உள்ளே விட்டதும் அது அலற ஆரம்பித்தது.

தரைக்கு அடியில் கான்கிரீட்டுக்குள் போன ஜிஐ குழாய், கட்டடத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் பென்சில் முனை அளவுக்கு ஓட்டையாகி இருந்தது. கேஸ் மண் வழியாக ஊர்ந்து சாக்கடைத் தொட்டியில் போய்த் தேங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பையன்கள் சாயங்காலம் சிகரெட் பிடிப்பார்களாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாற்றம் ஏன் வரவில்லை? எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டுக்குமே சொந்த வாசனை கிடையாது. நமக்குத் தெரியும் அந்த நாற்றம், எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருவது. கேஸ் மண்ணுக்குள் ஊர்ந்து போகும்போது மண் அந்த மெர்காப்டனைப் பிடித்துக்கொள்ளும். குழாய்க்குள் இருக்கும் துருவும் அதையே செய்யும். ஆக, துருப்பிடித்துப் புதைந்து கிடக்கும் குழாய் கசிவையும் உண்டாக்கும், அந்தக் கசிவைக் காட்டிக்கொடுக்க வேண்டிய நாற்றத்தையும் விழுங்கிவிடும். மற்ற ஆபத்துகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு, அதனால் பள்ளம் பார்த்து இறங்கும், சம்ப்பிலும் லிஃப்ட் குழியிலும் கேபிள் வாய்க்காலிலும் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கொட்டேஷனைக் கையில் எடுக்கும் முன் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். குழாயின் முழு நீளத்தையும் கண்ணால் பார்க்க முடியுமா? அது தொடும் மண்ணும் காற்றும் எப்படிப்பட்டவை? எத்தனை ஜாயின்ட், எந்த வகை? வருடா வருடம் என்ன பார்க்க வேண்டும், யார் பார்ப்பார்? பழுது வந்தால் எத்தனை நாள் அடுப்பை அணைத்து வைக்க வேண்டும்?

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வட ஆற்காட்டில் ஊருக்கு ஊர் மண் மாறுகிறது. சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் சரளை. பாலாற்றை ஒட்டி மணல். இரண்டும் காய்ந்து கிடக்கும்போது இரும்பை அவ்வளவாகத் தின்னாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் இடங்களை ஒட்டிய மண் வேறு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. அந்த உப்பு கழுவிவிட்ட நீரோடு பல பத்தாண்டுகளாக நிலத்தில் இறங்கியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பே இந்த நிலமும் நீரும் கெட்டதைப் பற்றியதுதான். உப்பு இறங்கிய ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மண்தான் இரும்பைச் சீக்கிரம் தின்னும் மண்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. நாலு முனை உள்ள எர்த் டெஸ்டர் எந்த நல்ல எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடமும் இருக்கும். ஒரே நேர்க்கோட்டில் 1 மீட்டர் இடைவெளியில் நாலு கம்பிகளை அடித்து அளவு எடுக்கச் சொல்லுங்கள். வரும் ஓம் கணக்கை 6.28-ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 1 மீட்டர் ஆழம் வரையிலான மண்ணின் மின்தடை ஓம்-மீட்டரில் கிடைக்கும். 100-க்கு மேல் இருந்தால் மண் சாது. 10-க்குக் கீழே என்றால் மிகக் கடுமையான மண். மீட்டரில் 1.2 ஓம் காட்டினால் 7.5 ஓம்-மீட்டர் ஆகிறது. அந்த மண்ணில் வெறும் ஜிஐ குழாயைப் புதைக்க நான் சம்மதிக்க மாட்டேன். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அளக்கச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் அளந்தால் எந்த மண்ணும் நல்ல மண்ணாகத்தான் தெரியும்.

சட்டப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது எடை. எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-ன்படி ஓர் இடத்தில் மொத்தம் 100 கிலோ வரை எல்பிஜி வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் பெசோ எனப்படும் மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. பேங்க்கில் ஐந்தை மாட்டிவிட்டு, நிரம்பிய ஆறு சிலிண்டர்களை ஸ்டோர் ரூமில் வைத்துக்கொண்டு கணக்குச் சரி என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு மொத்த இடத்துக்கும்தான், அதுவும் ஸ்டோர் ரூம் காற்றோட்டமில்லாத அறை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிலிண்டர் நிறுவலுக்கு இந்தியத் தரமான ஐஎஸ் 6044 முதல் பகுதியும், சிலிண்டர்களை ஒரே குழாயில் சேர்க்கும் மேனிஃபோல்டு அமைப்புக்கு எண்ணெய்த் துறைப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஓஐஎஸ்டி 162-ம் இருக்கின்றன. கொட்டேஷனில் இந்த இரண்டு எண்களும் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

## வழி 1: சுவரோடு போகும் இரும்புக் குழாய்

ஜிஐ என்றோ எம்எஸ் (துத்தநாகம் பூசாத சாதா இரும்பு) என்றோ எழுதியிருப்பார்கள். அதோடு விடாமல் எந்த கிளாஸ் என்று பாருங்கள். ஐஎஸ் 1239 குழாயில் மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. ஒரு அங்குலக் குழாயில் பி கிளாஸின் சுவர் 3.2 மி.மீ., சி கிளாஸின் சுவர் 4 மி.மீ. இந்த முக்கால் மில்லிமீட்டருக்கு ஏன் சண்டை போடுகிறேன் என்றால், மரை வெட்டும் இடத்தில் கிட்டத்தட்ட 1.5 மி.மீ. போய்விடுகிறது. பி கிளாஸில் மிச்சம் 1.7 மி.மீ.தான், அதுவும் துத்தநாகப் பூச்சு உரிந்த பச்சை இரும்பு. எந்த ஜிஐ லைனும் முதலில் மரையில்தான் சாகிறது. அதனால் சி கிளாஸ் வாங்குங்கள். முடிந்த இடத்திலெல்லாம் வெல்டிங், வால்வும் ரெகுலேட்டரும் வரும் இடத்தில் மட்டும் மரை.

இந்த வழியின் பெரிய பலம், எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. துரு வந்தால் பெயிண்டில் கொப்புளம் தெரியும். கசிந்தால் கேஸ் திறந்த வெளியில் கலைந்துபோகும், நாற்றமும் வரும். ஒரு துண்டை மாற்ற அரை நாள் போதும்.

ஆனால் பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜிஐ மேல் நேராக எனாமல் அடித்தால் ஒரே மழையில் உரியும். முதலில் துத்தநாகத்தில் பிடிக்கும் எட்ச் பிரைமர், அப்புறம்தான் மஞ்சள் பெயிண்ட். கிளாம்புக்கு அடியில் தண்ணீர் நின்று அங்கேதான் துரு தொடங்கும், அதனால் வருடத்துக்கு ஒருமுறை நாலைந்து கிளாம்பையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஸ்லீவ், அதாவது குழாயைவிடப் பெரிய உறைக்குழாய், போட வேண்டும். சிமென்ட்டை வைத்து நேராக அடைத்துவிட்டால் அந்த ஓர் அடி உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அடுப்படிக்குள் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் குழாய் தரைக்கு அருகில் போகவே கூடாது. ஆசிட் ஆவி துத்தநாகத்தைச் சில வாரங்களிலேயே தின்றுவிடும்.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் குழாயின் சூடு 30 டிகிரி வரை மாறினால், 30 மீட்டர் இரும்புக் குழாய் 1 செ.மீ. நீளும். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டர் ஜாயின்ட்டில்தான் போய் முட்டும். நடுவில் ஒரு வளைவு விடச் சொல்லுங்கள்.

கட்டடமும் கேஸ் பேங்க்கும் ஒரே சுவரை ஒட்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் உங்கள் வழி.

## வழி 2: புதைத்த இரும்பு, பூச்சும் ஆனோடும் சேர்த்து

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கொட்டேஷனில் டேப் சுற்றிப் புதைக்கப்படும் என்று ஒரே வரி இருக்கும். டேப் மட்டும் போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மண்ணில் புதைந்த இரும்பு ஒரு பேட்டரி மாதிரி. ஓர் இடத்திலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் வெளியேறும், இன்னோர் இடத்தில் திரும்ப ஏறும். வெளியேறும் இடத்தில் இரும்பு கரைகிறது. 1 ஆம்பியர் ஒரு வருடம் வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு கரைந்துபோகும். நம் குழாயில் ஓடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 9 கிராம். ஓட்டை விழ ஒரு கிராம்கூட வேண்டியதில்லை. டேப்பில் கல் குத்திய ஒரு சிறு கீறல் இருந்தால், மொத்த ஓட்டமும் அந்தக் கீறல் வழியாகவே போகும். அதனால் கீறல் விழுந்த பூச்சு மட்டும் இருக்கும் குழாய், பூச்சே இல்லாத குழாயைவிடச் சீக்கிரமாக ஓட்டையாவதும் உண்டு.

அந்த விடுதிக் குழாயில் நடந்ததும் இதுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு, மண்ணில் இருக்கும் இரும்பு இரண்டும் ஒரே குழாய்தான் என்றாலும் மின்வேதியியல்படி வேறு வேறு. கான்கிரீட் பக்கம் பத்திரமாக இருந்தது, மண்ணுக்குள் இறங்கிய முதல் அரை அடி கரைந்தது. பழைய குழாயோடு புதுத் துண்டைச் சேர்த்தால் புதுத் துண்டு முதலில் போவதும், இரும்போடு பித்தளை வால்வை நேராகப் புதைத்தால் வால்வை ஒட்டிய இரும்பு போவதும் இதே கணக்கில்தான்.

மருந்து என்னவென்றால், இரும்புக்குப் பதிலாகக் கரைவதற்கு வேறொரு உலோகத்தைக் கொடுப்பது. மெக்னீசியம் ஆனோடைக் குழாயோடு கம்பியால் இணைத்துப் பக்கத்தில் புதைத்தால், அது கரையும், குழாய் நிற்கும். இதைத்தான் கத்தோடிக் பாதுகாப்பு என்கிறார்கள். நல்ல பூச்சு இருந்தால் ஆனோடுக்கு வேலை குறைவு, பல வருடம் வரும். பூச்சு மோசமானால் ஆனோடு சீக்கிரம் தீரும். வேலை செய்கிறதா என்று பார்க்க, காப்பர் சல்ஃபேட் ரெஃபரன்ஸ் செல்லை மண்ணில் ஊன்றி மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதைவிடக் கூடுதல் மைனஸ் காட்டினால் குழாய் பத்திரம். மைனஸ் 0.6 காட்டினால் இரும்பு கரைந்துகொண்டிருக்கிறது. அளப்பதற்கு ஐந்து நிமிடம்தான், ஆனால் வருடா வருடம் ஒருவர் அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவெல்லாம் இங்கேதான் வந்து சேர்கிறது. குழாய் மண்ணை விட்டு மேலே ஏறும் இரண்டு முனைகளிலும் மின்சாரத்தைக் கடத்தாத இன்சுலேட்டிங் ஜாயின்ட் வேண்டும். அது இல்லையென்றால் ஆனோடு உங்கள் குழாயோடு நில்லாமல் கட்டடத்தின் கம்பிகளையும் செம்பு எர்த்தையும் காப்பாற்றப் போய், ஒன்றிரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். ஜாயின்ட் போட்டபின்னும் ஒரு தொல்லை வரும்: யாராவது எலெக்ட்ரீஷியன் எர்த் ஒயரைக் கேஸ் குழாயில் கட்டிவிடுவார். நான் பார்த்த செத்துப்போன ஆனோடுகளில் பாதிக்கு மேல் இப்படிச் செத்தவைதான். கேஸ் குழாய் எர்த் இல்லை என்று போர்டு எழுதி மாட்டுங்கள், நிஜமாகவே மாட்டுங்கள்.

இவ்வளவு இருந்தும் இந்த வழி சரியாக வரும் இடங்கள் உண்டு. லாரி ஏறும் யார்டைக் கடக்க வேண்டும், அழுத்தம் அதிகம், பராமரிப்புக்குத் தனி ஆள் இருக்கிறார் என்றால் இரும்புதான். திரவ கேஸை வாயுவாக்கும் வேப்பரைசர் வைத்து, அதுவரை திரவ நிலையில் புரொப்பேனைக் கொண்டுபோகும் தொழிற்சாலைக்கு வேறு தேர்வே இல்லை. நீளவாட்டில் ஒட்டு இல்லாத சீம்லெஸ் குழாய், எல்லா ஜாயின்ட்டும் வெல்டிங். மரை போட்ட ஜாயின்ட்டை மண்ணில் புதைக்க எந்தச் சூழ்நிலையிலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## வழி 3: புதைத்த பிஇ குழாய்

பிஇ என்பது பாலிஎத்திலீன், கொட்டேஷனில் வந்த அந்த மஞ்சள் பிளாஸ்டிக் குழாய். இதற்குத் துரு கிடையாது. பேரணாம்பட்டு உப்பு மண்ணும் அதற்கு ஒன்றுதான், பாலாற்று மணலும் ஒன்றுதான். ஆனோடு வேண்டாம், வோல்ட் அளக்க வேண்டாம். சுருளாக வருவதால் 50 மீட்டருக்கு ஒரு ஜாயின்ட்கூட இல்லாமல் போடலாம். கடுமையான மண்ணில் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

ஆனால் எல்லைகள் கறாரானவை. வாயு நிலை கேஸுக்கு மட்டும், குறைந்த அழுத்தத்தில் மட்டும், மண்ணுக்கு அடியில் மட்டும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 58 விதி இதற்கு ஏறத்தாழ 2 பார் என்று மேல் வரம்பு வைத்திருக்கிறது. வெயிலில் விட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும், தீப்பட்டால் உருகும். சுவரில் ஏற்றியோ கட்டடத்துக்குள் கொண்டுபோயோ வைத்திருப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் நிறுவலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் பிஇ-க்கு ஒப்புக்கொள்கிறாரா என்பதைக் குழாய் வாங்கும் முன்னரே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதில் எல்லாமே ஜாயின்ட் போடுபவர் கையில் இருக்கிறது. மின்சூட்டில் உருக்கி ஒட்டும் எலெக்ட்ரோ ஃபியூஷன் என்றால் குழாயின் மேல்தோலைச் சுரண்டி, துடைத்து, கிளாம்பில் அசையாமல் பிடித்து, மெஷின் சொல்லும் நேரம் வரை ஆற விட வேண்டும். சுரண்டாமல் போட்ட ஜாயின்ட்டும் பார்வைக்கு அழகாக இருக்கும், ஏர் டெஸ்ட்டிலும் அன்றைக்குப் பாஸாகும். பிரியும்போதுதான் தெரியும். இந்த வேலையில் சான்று உள்ள ஆள் உள்ளூரில் இல்லாமல் வெளியூரிலிருந்து வரவேண்டி இருந்தால், பழுது வரும் நாளில் அவருக்காகக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றை நிறையப் பேர் மறக்கிறார்கள். பிஇ குழாய் மேலே ஏறும் இடத்தில் இரும்பு ரைசராக மாறும். அந்த ரைசரின் கீழ்ப்பகுதி ஓர் அடியாவது மண்ணுக்குள் நிற்கிறது. துருவே வராது என்று சொல்லி வாங்கிய லைனில் துருப்பிடிப்பது அந்த ஒரு அடிதான். அதற்குத் தொழிற்சாலையிலேயே பூச்சு போட்டு வரும் ரைசர் கேளுங்கள்.

அப்புறம் மண்வெட்டியும் ஜேசிபியும். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீருக்கும் கேபிளுக்கும் தோண்டித் தோண்டி மூடிய ஊர் இது. வளாகத்துக்குள்ளும் யாராவது ஒருநாள் தோண்டுவார்கள். மண்ணுக்கடியில் குழாய் தேடும் கருவிக்குப் பிளாஸ்டிக் பிடிபடாது, அதனால் கூடவே அந்தக் கருவிக்குப் பிடிபடும் ஒரு டிரேசர் ஒயரும், மேலே ஓர் அடி உயரத்தில் எச்சரிக்கை டேப்பும் போட வேண்டும். சுற்றிலும் கல் இல்லாத மணலோ எம் சாண்டோ நிரப்பியிருக்க வேண்டும்.

## வழி 4: காப்பர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்படிக்குள் குட்டை தூரத்துக்கு, சுவரின் மேல், அடி படாத உயரத்தில் காப்பர் நல்ல குழாய். நம் நாட்டு எல்பிஜி-க்கான ஐஎஸ் 4576 தரத்தில் காப்பர் பட்டையைக் கேஸில் வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதனால் உள்ளிருந்து அரிக்குமோ என்ற பயம் வேண்டாம். ஜாயின்ட் வெள்ளி பிரேசிங்கில் இருக்கட்டும். ஈய சாலிடர் தீ விபத்தில் 200 டிகிரி சுமாரிலேயே உருகி, எரியும் தீக்குக் கேஸையும் சேர்த்துக் கொடுக்கும்.

காப்பருக்கும் பித்தளைக்கும் ஆகாதது அம்மோனியா. தோல் பதனிடும் வேலையில் சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் உப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். சல்ஃபைடு வேலையும் கூடவே நடக்கிறது. அந்தக் காற்றில் காப்பர் கறுக்கும், இறுக்கிய பித்தளை நட்டுகள் சத்தமில்லாமல் விரிசல் விடும். டேனரி ஷெட்டுக்குள்ளும் கழிவறைச் சுவரை ஒட்டியும் காப்பர் வேண்டாம். திருட்டையும் மறந்துவிடாதீர்கள், காப்பர் லைனை அறுத்துக்கொண்டு போனால் போவது குழாய் மட்டும் இல்லை, வால்வு திறந்திருந்தால் இரவு முழுக்கக் கேஸ் கொட்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றியும் கேட்கிறார்கள். காசு இருந்தால் நல்லதுதான். ஆனால் 304 தரம் உப்பும் ஆசிட் ஆவியும் உள்ள இடத்தில் ஊசி ஊசியாகக் குழி விடும். ராணிப்பேட்டைக்கு என்றால் 316 கேளுங்கள்.

## ஒரு பார்வையில்

| கேள்வி | சுவரோடு இரும்பு | புதைத்த இரும்பு | புதைத்த பிஇ | காப்பர் |
|---|---|---|---|---|
| கண்ணால் பார்க்க முடியுமா | முழுவதும் | முடியாது | முடியாது | முழுவதும் |
| உப்பு மண் | தொடாது | ஆனோடு இல்லாமல் கூடாது | பயமில்லை, ரைசரைத் தவிர | புதைக்க வேண்டாம் |
| திரவ புரொப்பேன் | சீம்லெஸ் என்றால் சரி | சீம்லெஸ் என்றால் சரி | கூடவே கூடாது | வேண்டாம் |
| வருடாந்திர வேலை | பெயிண்ட், கிளாம்ப், சோப்பு | வோல்ட் அளவு, ஆனோடு, கசிவுச் சோதனை | கசிவுச் சோதனை, ரைசர் | நட்டு, சோப்பு |
| முதலில் கெடுவது | மரை, கிளாம்ப் அடி | பூச்சின் கீறல், கான்கிரீட் விளிம்பு | ஜாயின்ட், தோண்டும் கை | பித்தளை நட்டு |
| பழுது பார்க்க | அரை நாள் | தோண்ட வேண்டும் | தோண்ட வேண்டும், சான்று பெற்ற ஆளும் வேண்டும் | அரை நாள் |

## பில் கொடுக்கும் முன்

எந்த வழியானாலும் கடைசித் தொகையைக் கொடுக்கும் முன் சிலவற்றைக் கையில் வாங்குங்கள். குழாய் போன பாதையை அளவோடு காட்டும் வரைபடம், புதைத்ததாக இருந்தால் மூடுவதற்கு முன் எடுத்த படங்களோடு. அழுத்தச் சோதனையின் தாள்: எவ்வளவு அழுத்தம், எத்தனை மணி நேரம், கேஜ் அளவு தொடக்கத்தில் என்ன, முடிவில் என்ன. சோதனை காற்றிலோ நைட்ரஜனிலோ நடந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிச் சோதிப்பவரை அங்கேயே நிறுத்துங்கள், குழாய்க்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் வெடிக்கும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பவரையும்தான்.

டிடெக்டர் தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். சீலிங்கில் மாட்டியிருந்தால் அது குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கான பழக்கம். மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே போகும். நம் எல்பிஜி கீழே போகும். அடுப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸ், ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஐந்து வருடத்துக்குள் மாற்றப்பட வேண்டியது. இவ்வளவு செலவு செய்து லைன் போட்டவர்கள் எட்டு வருட ஹோஸை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## மூன்று பேருக்கும் சொன்னது

காட்பாடி விடுதிக்காரருக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. கேஸ் பேங்க் அடுப்படிச் சுவரை ஒட்டியே வருகிறது. சி கிளாஸ், வெல்டிங், மஞ்சள் பெயிண்ட், சுவரோடு. உள்ளே கடைசி நாலு மீட்டர் காப்பர் வேண்டும் என்றார், சரி என்றேன்.

ராணிப்பேட்டை யூனிட்டில் மண்ணை அளந்தோம், 6 ஓம்-மீட்டர்கூட வரவில்லை. அவர் பயன்படுத்துவது வாயு நிலை கேஸ், ரெகுலேட்டருக்குப் பின் அழுத்தமும் குறைவு. நடுவில் லாரி ஓடும் 40 மீட்டர் யார்ட். முதலில் மேலே பைப் ரேக் போட முடியுமா என்று பார்த்தோம். தோல் ஏற்றி வரும் லாரியின் உயரத்துக்கு ஒத்துவரவில்லை. அதனால் பிஇ, லாரி ஏறும் இடத்தில் கான்கிரீட் ஸ்லாப் பாதுகாப்போடு, இரண்டு முனையிலும் பூச்சு போட்ட ரைசர். சரிபார்க்கும் பொறியாளரின் ஒப்புதல் கைக்கு வந்தபின்தான் குழாய்க்கு ஆர்டர் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி மண்டபத்துக்காரரிடம்தான் அதிக நேரம் பேசினேன். முகூர்த்த நாளில் பத்துச் சிலிண்டர் மாட்ட வேண்டும், 190 கிலோ, ஆகவே உரிமம் கட்டாயம். கேஸ் பேங்க்கை முன்கேட்டுப் பக்கம் வரைந்து வைத்திருந்தார், சிலிண்டர் வண்டி வந்து போக வசதி என்று. அங்கிருந்து அடுப்படி வரை பார்க்கிங்குக்கு அடியில் 22 மீட்டர் புதைக்க வேண்டும். புதைத்த இரும்பு, பிஇ, இரண்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் வரைபடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், பேங்க்கைப் பின்னாடி காம்பவுண்டு பக்கம் கொண்டுபோயிட்டா?" என்று கேட்டார். அங்கே சாக்கடைத் தொட்டியோ சம்ப்போ பக்கத்தில் இல்லை, காற்றோட்டமும் நன்றாக இருந்தது. பேங்க் பின்னால் போயிற்று, வண்டி வர பக்கவாட்டில் பத்தடிப் பாதை விட்டார். குழாய் இப்போது 9 மீட்டர், முழுக்கச் சுவர் மேல்.